நாற்காலியில் இருப்பவர் கைதட்டக்கூடாது

1963 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். முற்றத்து மழைமானியில் தண்ணீர் இல்லை. அதை டயரியில் குறித்தேன். சவரம் செய்து, பாணும் சம்பலும் சாப்பிட்டு, ஏழே முக்காலுக்கு வீட்டை விட்டு இறங்கினேன். சனிக்கிழமை அரை நாள் வேலை. பன்னிரண்டரைக்கு மேசையைப் பூட்டினேன். இரண்டரைக்கு மாத்தளையில் எங்கள் சங்கத்தின் டெனிஸ் மைதானத்தில் இருந்தேன். வலையின் நடு உயரம் மூன்றடி இருக்க வேண்டும். அளவுக் குச்சியை வைத்துப் பார்த்தேன். கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. இழுத்துக் கட்டினேன்.

அந்த டயரியை முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அன்றைய பக்கத்தில் ஒரு வரி பொய்.

நான் அப்போது ஒரு கந்தோரில் பிரதம லிகிதர், அதாவது தலைமை எழுத்தர். வயது முப்பத்தொன்பது. மட்டை பிடித்து ஆடியதில்லை. ஆனால் ஒன்பது வருடமாகச் சங்கத்தின் நடுவர் நான்தான். ஆறு படி வைத்த உயரமான நாற்காலி ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் ஏறுபவருக்கு நாங்களே வைத்துக்கொண்ட வழக்கங்கள் சில உண்டு. ஆட்டம் முடியும்வரை ஆட்டக்காரர்களோடு பேசக்கூடாது. கைதட்டக்கூடாது. கீழே மர வாங்கில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கும் ஒன்று உண்டு: நடுவர் சொல்வதற்கு முன் பந்து உள்ளே, வெளியே என்று யாரும் வாய் திறக்கக்கூடாது. அதை நானே பலகையில் எழுதி வேலியில் மாட்டியிருந்தேன்.

கைதட்ட முடியாதவனுக்கும் ஓர் ஆள் இருப்பார். என் ஆள் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சர். தொழிலாளர்களுக்கு மருந்து கொடுப்பவர். சனிக்கிழமை பஸ்ஸில், மரச் சட்டத்துக்குள் திருகி வைத்த மட்டையை மடியில் வைத்துக்கொண்டு வருவார். அவர் ஆடிய முதல் நாளே, வெளியே போன ஒரு பந்துக்கு நான் அவருக்குப் புள்ளி கொடுத்தேன். அவர் நின்றார். நாற்காலியை அண்ணாந்து பார்த்து, "இல்லீங்க சேர், போற பந்து என் மட்டையில பட்டிச்சு. புள்ளி அவங்களுக்குத்தான்" என்றார். அன்றிலிருந்து அவர் என் ஆள். அவருடைய ஒவ்வொரு ஆட்டமும் என் டயரியில் இருக்கிறது: எத்தனை செட், எத்தனை இரட்டைத் தவறு, என்ன வெயில். அவருக்கு அது தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் முறை என்று நினைத்திருந்தேன்.

ஒருவருக்கு ஒரு ஆட்டக்காரரை ஏன் பிடிக்கிறது என்பதை நான் கவனித்து எழுதியதும் உண்டு. தபாற்கந்தோர்க்காரர் உயரமானவர் பக்கம், அவர் குள்ளம். கணக்கு வாத்தியார் இடது கைக்காரர் எவரையும் விடமாட்டார். சின்ன வயதில் இடது கையால் எழுதியதற்கு அவர் அடி வாங்கியவர். என் மனைவி வந்தால், யார் தோற்றுக்கொண்டிருக்கிறாரோ அவர் பக்கம். அந்த ஆள் முந்திவிட்டால் அடுத்த நிமிடமே மற்றவர் பக்கம் சாய்ந்துவிடுவாள். "இது என்ன நியாயம்?" என்று கேட்டேன். "பாவம்னு தோணுறதுக்கு நியாயம் என்னங்க?" என்றாள். ஆடுகிறவரில் நாம் தேடுவது நம்மைத்தான் என்று ஒரு முடிவுக்கு வந்து, அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

பிறகு நானா வந்தார்.

மிளகு, ஏலக்காய், சாதிக்காய் வாங்கி விற்கும் கடைக்காரர் அவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல், ஊரில் எல்லாருக்கும் அவர் நானா. 1961 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, யாரையோ தேடி வந்தவர் வாங்கில் உட்கார்ந்தார். பதினைந்து, முப்பது, நாற்பது என்று நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, "இவங்களுக்கு ஒண்டு ரெண்டு எண்ணத் தெரியாதா? நாப்பத்தஞ்சு எங்க போச்சு? நடுவுல அஞ்ச யாரு எடுத்த?" என்று சத்தமாகக் கேட்டார். மைதானமே சிரித்தது. டிஸ்பென்சரும் சிரித்தார். ஏழு வருடத்தில் அவர் பல்லைக் காட்டி நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த வாரம் நானா இரண்டு தம்பிலி இளநீரோடு வந்தார். அதற்கடுத்த வாரம் வியர்வை துடைக்க ஒரு துவாயும் வந்தது. பக்கம் மாறும்போது டிஸ்பென்சர் நேரே அவரிடம் போவார், சீவிய இளநீரைக் குடிப்பார், ஏதோ பேசுவார்கள். ஓய்வு ஒரு நிமிடம். அதில் நாற்பது விநாடி நானாவோடு. இதையும் எழுதினேன். ஒரு பக்கத்தில் "தம்பிலி: 2. சிரிப்பு: 3 தடவை" என்று இருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் இருக்கிறது. சில மாதங்களில் ஊரார் டிஸ்பென்சரை "நானாட ஆள்" என்று சொல்லத் தொடங்கினார்கள். தெருவில் அந்தச் சொல் காதில் விழும் ஒவ்வொரு தடவையும், என் மேசையிலிருந்து ஒரு கோப்புக் கட்டை யாரோ தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது.

அந்த ஆகஸ்ட் சனிக்கிழமை இறுதி ஆட்டம். எதிரே ஆடியவர் நில அளவைக்காரர், கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த சிங்கள இளைஞர், நல்ல கை. ஆளுக்கொரு செட். மூன்றாவதில் நில அளவைக்காரர் ஐந்து, டிஸ்பென்சர் நான்கு. பக்கம் மாறினார்கள். வழக்கம்போல் தம்பிலி. டிஸ்பென்சர் மைதானத்துக்குத் திரும்பியதும், நாற்காலிக்குக் கீழே இருந்த வாங்கில் தபாற்கந்தோர்க்காரர் கேட்டார்:

"நானா, ஆட்டமே வெளங்காது உங்களுக்கு. அந்தாளுல என்னத்தக் கண்டீங்க?"

"பந்து குடுக்குறதப் பாத்தீங்களா?" என்றார் நானா. "மத்தவங்க எல்லாம் எதிராளிக்கிப் பந்த எறிவாங்க, இல்லாட்டி மட்டையால தட்டி விடுவாங்க. இவரு வலை வரைக்கும் நடந்து வந்து கையில குடுப்பாரு. எங்கட வாப்பா கடையில மிச்சக் காச அப்பிடித்தான் குடுப்பாரு. மேசையில போடமாட்டாரு. பிச்சக்காரன் வந்தாலும் கையிலதான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். டிஸ்பென்சர் இரண்டு பந்துகளை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒன்பது வருடம். எத்தனை நூறு தடவை அவர் வலைக்கு நடந்து வந்து பந்தைக் கையில் கொடுத்திருப்பார்? வெயிலை எழுதினேன், வலையின் கால் அங்குலத்தை எழுதினேன். இதை எழுதவில்லை. காணவே இல்லை. நேற்று வந்த, நாற்பத்தைந்தைத் தேடிய மனிதர் கண்டிருக்கிறார். தம்பிலிக்காக நான் அதுவரை பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று அப்போது தெரிந்தது.

டிஸ்பென்சர் சேர்வ் போட்டார். முப்பதுக்கு நாற்பது. இந்தப் புள்ளி போனால் ஆட்டம் போச்சு. பந்து நாலைந்து தடவை வந்து போனது. பிறகு அவர் மூலையைப் பார்த்து நீளமாக அடித்தார். நில அளவைக்காரர் எட்டவில்லை. பின்கோட்டில் பந்து விழ, சுண்ணாம்பு புகை போல எழும்பியதைக் கண்டேன்.

"உள்ள! உள்ள!" என்று நானா எழுந்து கத்தினார்.

நான் வாய் திறப்பதற்கு முன். பலகை மாட்டிய வேலிக்கு முன்னாலேயே நின்றுகொண்டு.

"அவுட்" என்றேன்.

உள்ளே என்று சொல்லியிருந்தாலும் டியூஸ்தான். அவர் வென்றிருப்பார் என்று இல்லை. இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஆட்டம் முடிந்திருக்காது. நில அளவைக்காரர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். டிஸ்பென்சர் கோட்டைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பந்துகளைப் பொறுக்கினார். வலைக்கு நடந்து வந்து எதிராளியின் கையில் கொடுத்து, மற்றக் கையைக் குலுக்கினார். நாற்காலியைக் கடக்கும்போது, "வர்றேங்க சேர்" என்றார். நாலரை பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.

நானா சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க கிளாக்கர் சேர். நான் கத்தியிருக்கப்படாது. பலக இரிக்கி, எனக்குத்தான் புத்தி இல்ல."

"பரவாயில்லை."

"நான் கீழயிருந்து பாத்த. சேர் மேலயிருந்து பாத்த. சேர் சொன்னாச் சரியாத்தான் இரிக்கும். மழையக் கூட அளந்து எழுதுற மனுசன்." பிறகு துவாயை மடித்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கிக் காலம்பற எட்டு மணிக்கி லொறி ரத்தோட்டைக்கிப் போகுது, ஏலக்கா ஏத்த. நானும் போய் அந்தாளோட ஒரு டீ குடிச்சிட்டு வாறேன். சோர்ந்து போயிருப்பாரு."

எல்லாரும் போன பிறகு இறங்கிப் போய்க் கோட்டைப் பார்த்தேன். சுண்ணாம்பில் பிறை போல ஒரு தடம். சட்டைப்பையிலிருந்த அடிமட்டத்தை வைத்து அளந்தேன். ஒன்றேகால் அங்குலம், முழுக்கக் கோட்டின் மேல். வீட்டுக்கு வந்து டயரியைத் திறந்து, "கடைசிப் பந்து வெளியே" என்று எழுதினேன். மனைவி தேநீரை வைத்துவிட்டு, "தோத்தது யாருங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "ஐயோ பாவம்" என்றாள்.

பந்து உள்ளே என்பதை டிஸ்பென்சரிடம் சொல்ல வேண்டும் என்று எப்போது முடிவு செய்தேன் என்று தெரியவில்லை. அவர் என்னிடம் வேறு எதையும் எதிர்பார்த்ததில்லை. சரியாகச் சொல்வதை மட்டும்தான். அதுதான் எங்களுக்கு நடுவில் இருந்த ஒரே உறவு, அதைத்தான் கெடுத்துக்கொண்டேன். ஆனால் அதோடு இன்னொன்றும் இருந்ததை மறைக்கமாட்டேன்: எட்டு மணி லொறி. சங்கடமான அந்த ஞாயிற்றுக்கிழமையில் அவர் முகத்தைப் பார்க்கும் முதல் ஆள் நானாவாக இருக்கக்கூடாது.

ஞாயிறு காலை கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவில்லை, மழைமானியைப் பார்க்கவில்லை. டயரியில் அந்த வரியை வெட்டாமல், அதன் கீழே "உள்ளே. ஒன்றேகால் அங்குலம்" என்று எழுதி, டயரியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆறேகால் இரத்தோட்டை பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன்.