பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்காத கைப்பிடி

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காரைச் சட்டப்படி என்னுடையதாக்கிக்கொள்ள நான் அலைந்த அலைச்சலை யாருக்காவது வரிசையாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்தால், பாதியிலேயே எனக்குக் குழம்பிவிடும். எதை முதலில் செய்திருக்க வேண்டும், எதை அப்புறம் செய்திருக்க வேண்டும் என்பது அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

விஷயம் என்னவோ சின்னதுதான். கைக்குழந்தையாக இருந்தபோதே இளம்பிள்ளை வாதம் வந்து என் இரண்டு கால்களும் வலுவிழந்துவிட்டன. வலது காலைத் தாங்கிப் பிடிக்க இரும்புக் கேலிபர், கையில் தடி. எங்கள் ஊர் கணபதியில், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அன்னூருக்கு மாற்றல் போட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் வேலையை மறந்துவிட வேண்டும். அன்னூர் போகிற சத்தி ரோட்டில் காலையில் வருகிற பஸ்ஸில் இரண்டு கால் நன்றாக இருப்பவனே படியில் தொங்கிக்கொண்டுதான் போவான். நான் எங்கே ஏறுவது?

அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ராஜினாமா எழுதிக் குடுத்துப்போட்டு ஊட்டுல இரு அம்மணி. உனக்குச் சோறு போட என்னால முடியாதா?"

பாசமாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். பள்ளிக்கூடம், காலேஜ், ஆபீஸ், கல்யாண வீடு என்று என்னை எல்லா இடத்துக்கும் தன் பழைய ஃபியட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டவர் அவர்தான். தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு தினமும் அன்னூருக்குப் போய் வர அவரால் முடியாது. அவரால் முடியாது என்றால் நானும் போக முடியாது என்பது அவர் கணக்கு. அந்த வண்டியை எனக்குக் கொடுங்கள், கையால் ஓட்டுகிற மாதிரி மாற்றிக்கொள்கிறேன் என்றேன். மறுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பேர் மாற்றுகிற படிவத்தில் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மாற்றுவது ஒரு பிரச்சினையே இல்லை. கணபதியில் லேத்துப் பட்டறை இல்லாத தெரு எது? அம்பாசடரில் பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சின் மாட்டித் தருவதில் பேர்போன மெக்கானிக் ஒருவர் இருந்தார். சொன்னதும் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் ஒரு நீளக் கைப்பிடி. முன்னால் தள்ளினால் பிரேக், கீழே அமுக்கினால் வேகம். கிளட்சுக்குக் கியர்த் தண்டிலேயே இன்னொரு பிடி. எல்.எல்.ஆர். வாங்கிக்கொண்டு, மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, மில்லுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் ஓட்டிப் பழகினேன். அப்பா ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை.

குழப்பமெல்லாம் அதற்கப்புறம்தான்.

இன்சூரன்ஸ்காரரிடம் போனேன். மாற்றிய வண்டி என்றதும் பேனாவை மூடிவிட்டார். "மாத்துனது ஆர்.சி. புக்குல ஏறோணுங்க. ஏறாத வண்டிக்கு நாங்க எப்படிங்க பாலிசி போடறது?" என்றார். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனால், ஆர்.சி. புக்கில் ஏற்ற வேண்டுமென்றால் இன்சூரன்ஸ் வேண்டும் என்றார்கள். சரி, லைசென்ஸையாவது வாங்கிவிடலாம் என்று அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தேன். இந்த மாதிரி காலுக்கு, ஓட்டப்போகும் அதே வண்டியில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும், அந்த வண்டி முதலில் பாஸாக வேண்டும் என்றார்கள். வண்டியைப் பாஸ் செய்கிற ஜன்னலில், யாருக்காக மாற்றினீர்கள், அவருக்கு லைசென்ஸ் உண்டா என்று கேட்டார்கள். டாக்டர் சான்றிதழ் இன்னொரு கூத்து. காலால் வண்டி ஓட்ட இயலாது என்று மளமளவென்று எழுதியவர், வண்டி ஓட்டத் தகுதியானவர் என்கிற வரிக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ரெண்டையும் நானே எப்படிம்மா எழுதுறது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. 

கடைசியில் இன்சூரன்ஸ்காரரே ஒரு வழி சொன்னார். வண்டியை மாற்றுவதற்கு முன்னால் அப்பா போட்ட பாலிசி இன்னும் முடியவில்லையாம். "அத வெச்சு உள்ள போயிருங்க. வெளிய வந்ததும் நாம புதுசா எழுதிக்கலாமுங்க" என்றார். அது சரியா தப்பா என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீசிலும் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏன் வாங்கிக்கொண்டார்கள் என்றும் தெரியாது. ஒரே நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியையும் பார்த்து, என்னை ஓட்டவும் சொல்லிவிடுவார் என்று தேதி கொடுத்தார்கள். அன்னூரில் சேர வேண்டிய கெடுவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அது. அன்றைக்கு விட்டால் வேலை போனது போனதுதான்.

முந்தின நாள் மெக்கானிக் வந்து, நாளைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கிற வண்டியாச்சே, கழுவித் துடைத்து நானே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறேன் என்று எடுத்துப்போனார். நானும் அப்பாவும் காலையில் ஆட்டோவில் போய் இறங்கியபோது வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் வரிசையில் நின்றது. மெக்கானிக் வாசலிலேயே சாவியைக் கொடுத்துவிட்டார். "நான் உள்ள நிக்கறதில்லீங்க. டீக்கடையில இருக்கறனுங்க. முடிஞ்சதும் கூப்புடுங்க" என்று நழுவினார். மெக்கானிக்குகள் யாரும் உள்ளே நிற்பதில்லை, அது வழக்கம் என்று அப்பா சொன்னார். எதற்காக அப்படி ஒரு வழக்கம் என்று நான் கேட்கவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வேர்த்து வழிந்துகொண்டு வந்தார். "மாத்தின வண்டின்னு போட்டிருக்கே. எங்கம்மா, காட்டுங்க" என்றார். கதவைத் திறந்தேன்.

உள்ளே ஒன்றுமே இல்லை. நீளக் கைப்பிடி இல்லை, கிளட்சுப் பிடி இல்லை. கம்பெனியிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. போல்ட் மாட்டிய ஓட்டைகளைக்கூட அடைத்துப் பெயின்ட் பூசியிருந்தது. மூன்று பெடலும் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தது. நான் தப்பான வண்டியைத் திறந்துவிட்டேனோ என்று பின்னால் போய் நம்பரைப் பார்த்தேன். எங்கள் நம்பர்தான். திரும்ப வந்து உள்ளே பார்த்தேன். 

"என்னம்மா மாத்தியிருக்கீங்க இதுல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருந்துதுங்க சார்."

"இருந்துச்சுன்னா? இப்ப எங்க?"

"தெரீலீங்க."

அவர் என்னையும் என் கேலிபரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். எவ்வளவோ பேர் மாற்றிவிட்டு மாற்றவில்லை என்று சாதித்து அவர் பார்த்திருப்பார். மாற்றாத வண்டியை மாற்றியது என்று ஒருத்தி சாதிப்பது அவருக்கும் புதுசு. கோபப்படுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் அப்பாவிடம் திரும்பினார்.

"பெரியவரே, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லக்கூடாதா? இந்தப் பொண்ணுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? வீட்டுல இருக்கச் சொல்லுங்க. நீங்க சோறு போட மாட்டீங்களா?"

ஒரு மாதமாக அப்பா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது அதேதான், ஏறக்குறைய அதே வார்த்தைகளில். இனி அவ்வளவுதான், ஆமாங்க சார் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அந்த இன்ஸ்பெக்டருக்கு முன்னால் அழ வேண்டும், அதனால் அடக்கிக்கொண்டேன்.

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "நாஞ் சொன்னா சொல்லலாமுங்க, நீங்க எப்படிங்க சொல்லலாம்?" என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார். என் அப்பா ஓடி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மாடு அவிழ்த்துக்கொண்டு போனாலே நடந்துதான் போவார்.

திரும்பி வந்தபோது மெக்கானிக்கின் சட்டையை ஒரு கையில் பிடித்திருந்தார். 

"ஏனுங்க, எங்க அதெல்லாம்?" என்றேன்.

"டிக்கியிலதானுங்க அம்மணி இருக்குது. பத்திரமாச் சாக்குல சுத்தி வெச்சிருக்கறனுங்க."

"எதுக்குங்க கழட்டுனீங்க?"

அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "இன்ஸ்பெக்சன்னா கழட்டோணுமல்லங்க?" என்றார். "டீசல் வண்டியெல்லாம் அப்படித்தானுங்க. பழைய இஞ்சின மாட்டிக் காட்டிப்போட்டு, அப்புறம் வெளிய போயி... நான் மாட்டுனதோட எந்த வண்டியவுங்க காட்டியிருக்கறேன்?" பாதியில்தான் யார் முன்னால் பேசுகிறோம் என்பது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வானத்தைப் பார்த்தார். காதில் விழவில்லை என்று காட்டிக்கொள்கிறாராம். வரிசையில் நின்ற அம்பாசடர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் மெதுவாகத் தங்கள் வண்டிகளின் முன்பக்கம் போய்ச் சாய்ந்துகொண்டார்கள்.

மாற்றியதைக் காட்டி அனுமதி வாங்கவே ஒருத்தி வருவாள் என்று அந்த மனிதருக்கு எப்படித் தோன்றும்? அவர் தொழிலில் அப்படி ஒரு ஆள் அதுவரை வந்ததே இல்லை. போல்ட் ஓட்டையை அடைத்துப் பெயின்ட் பூச ராத்திரி எவ்வளவு நேரம் விழித்திருந்தாரோ. எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கும்பிடவும் தோன்றியது.

"சார், இப்ப மாட்டிருவாருங்க. ஒரு அரைமணி நேரம் குடுங்க" என்று அப்பா சொன்னார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். அவர் யாரிடமும் கெஞ்சுகிற ஆளில்லை.

"மத்த வண்டியெல்லாம் பார்த்துட்டு வர்றேன். அதுக்குள்ள மாட்டலேன்னா அடுத்த மாசம்தான்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் நகர்ந்தார்.

அந்த மைதானத்தில் கழற்றியதை மாட்டுவது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்க வேண்டும். மெக்கானிக்குக்கு ஸ்பேனர் வழுக்கிக்கொண்டே இருந்தது. அப்பா வெள்ளை வேட்டியோடு மண்ணில் படுத்து, வண்டிக்கு அடியில் போல்ட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு அம்பாசடர்க்காரர் பக்கத்தில் வந்து ரகசியமாகக் கேட்டார். "ஏனுங்க, இப்பெல்லாம் உள்ளயே மாட்டிக்க உடறாங்களா?" அப்பா வண்டிக்கு அடியிலிருந்தே அவரை ஏதோ திட்டினார். என்ன வார்த்தை என்று இங்கே எழுத முடியாது.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தபோது கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ரோட்டுக்குப் போய், நிறுத்தி, ரிவர்ஸ் எடுத்து, மேட்டில் நிறுத்தி எடுத்துக் காட்டினேன்.  இறங்கும்போது அவர் அந்த நீளக் கைப்பிடியைத் தானே ஒரு தடவை முன்னால் தள்ளிப் பார்த்தார். வண்டி பாஸ். நானும் பாஸ்.

இன்சூரன்ஸ்காரர் புது பாலிசியைக் கொடுத்தபோது ஒன்று சொன்னார். "இனி இது அம்மணிக்குன்னே எழுதுன வண்டிங்க. வேற யாராச்சும் ஓட்டி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா கம்பெனி ஒத்துக்காதுங்க." அப்பா, "நானுங்களா?" என்று கேட்டார். "நீங்களுந்தானுங்க." அது சட்டத்திலேயே அப்படித்தானா, இவராகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. தலையை ஆட்டினார்.

திங்கட்கிழமை அன்னூருக்கு முதல் நாள். நானும் வாரேன் என்று அப்பா கிளம்பினார். பழக்கத்தில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தவர், என்னைப் பார்த்துவிட்டு மூடினார். சுற்றி வந்து இடப்பக்கம் உட்கார்ந்தார். அந்த வண்டியை வாங்கியதிலிருந்து அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை.

சத்தி ரோட்டில் பஸ் குறுக்கே வந்தால், சைக்கிள் வந்தால், வளைவு வந்தால், அப்பாவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் கிடையாது. நான் கையால் பிரேக்கைத் தள்ளுவதற்கு முன்பே அவர் கால் மிதித்துவிடும். சரவணம்பட்டி தாண்டியும் நிற்கவில்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"ஏனுங்கப்பா, அந்தக் காலக் கொஞ்சம் சும்மா வெச்சுட்டு வாங்களேன்!"

"நானும் பாக்கறேன் அம்மணி" என்றார் அப்பா. "என்ன சொல்லியும் இந்தக் காலு எம் பேச்சக் கேக்க மாட்டேங்குதே."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அவர் தோளும் குலுங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று திரும்பிப் பார்த்திருப்பேன். எதிரே லாரி வந்துகொண்டிருந்தது, நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.