துணைக்கு வந்தவர் சொன்ன பதில்

ஆராய்ச்சிப் பேட்டிகளை அலசுகிற அந்த சாஃப்ட்வேரை முதன்முதலாகத் திறந்த மத்தியானம், திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. என் பேட்டிகளைத் தட்டச்சு செய்து தந்த அக்கா ஏதோ பழைய எழுத்துருவில் அடித்திருந்தார்; இதற்குள் போனதும் ஒரு எழுத்துகூடத் தமிழாக இல்லை. அதை மாற்றி எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. சொல்லித்தர ஆள் கிடையாது. வீடியோவில் ஒருவன் மூச்சுவிடாமல் இங்கிலீஷில் பேசுகிறான், பேச்சுக்குப் பேச்சு 'ரொம்ப ஈஸி' என்கிறான். ஈஸியாமே! மூடிய தையல் மெஷின்மேல் லேப்டாப்பை வைத்து, அடுத்த அறையில் படுத்திருக்கும் மாமனார் தூங்குகிற நேரமாகப் பார்த்து அவன் கற்றுக்கொண்டிருந்தால் தெரிந்திருக்கும்.

எனக்கு வேறு வழியும் இல்லை. கல்லூரியில் தற்காலிக வேலை, பிஎச்.டி. முடித்தால்தான் நிலைக்கும். கடைசி முறையாக நாள் நீட்டித்துக் கொடுத்திருந்தார்கள். என் தலைப்பு பெண்களின் ஓய்வு. அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சிப் பக்கம் வீடு வீடாகப் போய், "ஒங்களுக்கே ஒங்களுக்குன்னு ஒரு மணி நேரம் கெடச்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டுப் பதிவு செய்திருந்தேன். ஓய்வைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவளுக்கு உட்கார நேரமில்லை என்றால் என் கைடு சிரிப்பார். சிரிக்கட்டும், அவருக்கென்ன.

பேட்டிக்கு நான் தனியாகப் போகவில்லை. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவில், வேலைக்கு என்றால் மருமகள் தனியாகப் போகலாம். முன்பின் தெரியாத வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேச என்றால் கூட ஒரு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் வெளியூரில். மாமனார் விழுந்து இடுப்பொடிந்து கட்டிலோடு கிடக்கிறார். கிடந்தாலும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எவர்சில்வர் தம்ளரால் கட்டில் கம்பியில் தட்டுவார். "யாரு போறது? எங்க போற?" என்பார். பதில் சொல்லும்வரை தட்டுவார். பிறகு, "ஒங்க அத்தையக் கூட்டிட்டுப் போ" என்பார். அத்தை என்றால் என் மாமியார். பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்து மாமனாருக்குத் துணையாக உட்கார, அத்தை எனக்குத் துணையாகக் கிளம்புவார். சொல்லி வாய் மூடுவதற்குள் சேலை மாற்றிக்கொண்டு நிற்பார். என்னை வேவு பார்க்கத்தானே இவ்வளவு வேகம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன இடத்திலாவது சும்மா இருப்பாரா? நான் கேள்வி கேட்டு, அந்த வீட்டுப் பெண் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவர் பேச ஆரம்பித்துவிடுவார். மாமியார் வாய் திறந்தால் என் காது தானாக மூடிக்கொள்ளும். கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கம். ரெக்கார்டர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாஃப்ட்வேரில் செய்ய வேண்டியது இதுதான். பேட்டியை வரி வரியாக வாசித்து, ஒவ்வொரு பேச்சும் எதைப் பற்றியது என்று ஒரு பெயர் வைக்க வேண்டும். அதே விஷயம் இன்னொரு பேட்டியில் வந்தால் அதே பெயருக்குக் கீழே இழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிறம். ஓரத்தில் பட்டையாகத் தெரியும். பெயர்கள் சேரச் சேர, கடைசியில் ஒரு கருப்பொருள் பிடிபடும். கேட்கச் சுலபம்தான். நான் கிறுக்கி மாதிரி, 'டிவி பார்த்தல்', 'டிவி பார்த்துக்கொண்டே பூ கட்டுதல்', 'டிவி ஓடும்போதே தூங்கிப்போதல்' என்று வரிக்கு வரி பெயர் வைத்து, தேடினால் ஒன்றும் அகப்படாமல் முட்டி நின்றேன். எந்த வார்த்தை அதிகம் வருகிறது என்று எண்ணச் சொன்னால், பஸ், பஸ்ஸு, பஸ்ஸுல என்று மூன்றையும் தனித்தனியாக எண்ணி வைத்தது. தமிழ் தெரியாத மூதேவி என்று அதைத் திட்டினேன்.

திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. ஓய்வைப் பற்றிக் கேட்டால் பஸ் எதற்கு வருகிறது? தேடிப் பார்த்தேன். "யார்ட்டயும் சொல்லாம ஒரு பஸ்ஸுல ஏறி உக்காரணும். அது எங்க போயி நிக்குதோ அங்கன எறங்கணும்." இது ஆழ்வார்குறிச்சிப் பேட்டியில். அம்பாசமுத்திரத்திலும் இருந்தது. "எங்க போறேன்னு கேக்க ஆளில்லாம ஒரு மணி நேரம். அது போதும்." எல்லாவற்றையும் அள்ளி, 'சொல்லாமல் போதல்' என்று பெயர் வைத்து, ஊதா நிறம் கொடுத்தேன். எந்தப் பேட்டியைத் திறந்தாலும் ஓரத்தில் ஊதாப் பட்டை! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பாளையங்கோட்டைக்குப் போய்க் கைடிடம் காட்டினேன். "இத்தனை நாள் எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தீங்க? இதுதான் ஒங்க தீசிஸ்" என்றார். "ஒவ்வொருத்தர் சொன்னதையும் ரெக்கார்டிங்ல ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்துட்டு எழுத ஆரம்பிங்க."

வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டினேன். முதல் பதிவில் அந்த வீட்டுப் பெண், "நேரம் கெடச்சா தூங்குவேன்" என்றாள். அடுத்து வேறொரு குரல், "நானா இருந்தா யார்ட்டயும் சொல்லாம..." என்றது. அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? தினமும் அடுக்களையில் கேட்கிற குரல். அடுத்த பதிவிலும் அத்தைதான். அதற்கடுத்ததிலும் அத்தைதான். தட்டச்சு செய்த அக்கா கேள்வி, பதில் என்று இரண்டாகத்தான் பிரித்திருந்தார். பதிலோடு பதிலாக அத்தையும் கலந்துவிட்டார். அந்த அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. பேட்டியில் யார் யார் இருந்தார்கள் என்று நான் எழுதிக் கொடுத்ததிலும் அத்தை இல்லை. துணைக்கு வருகிறவரை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். தீசிஸ் போச்சு என்பதுதான் முதலில் தோன்றியது. இந்த மனுஷி இதை வீடு வீடாக, என் பக்கத்தில் உட்கார்ந்தே சொல்லியிருக்கிறார் என்பது கொஞ்சம் கழித்துத்தான் தோன்றியது. அப்புறம் அழுகை வந்துவிட்டது.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அத்தே, பேட்டியில நீங்க பஸ்ஸப் பத்திச் சொன்னத எழுதிக்கிடட்டுமா? பேரு போட மாட்டேன்" என்றேன்.

அவர் கை நின்றது. "அதுல பதிஞ்சிட்டா?"

"ஆமா."

கட்டில் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அழிச்சிருட்டி. ஒங்க மாமா காதுல விழுந்துரப் போவுது."

நடந்ததைச் சொன்னதும் கைடும் அதையேதான் சொன்னார். "அவங்க பேசினது அத்தனையும் எடுத்துருங்க. பேட்டியை மறுபடி எடுங்க. இந்தத் தடவை தனியாப் போங்கம்மா, துணைக்குன்னு யாரும் உள்ள வரக் கூடாது." தனியாப் போங்களாம்! எங்கள் வீட்டுத் தம்ளர் சத்தம் பாளையங்கோட்டைக்குக் கேட்காது.

ஊதாவை அழித்தேன். ஓரமெல்லாம் வெறிச்சென்று ஆகிவிட்டது. அங்கங்கே தூக்கம், டிவி, பூ.

மறுபடி பேட்டிக்குப் போக வேண்டும் என்று வீட்டில் சொன்னதுதான் தாமதம், "எப்பம் கெளம்பணும்?" என்று அத்தை சேலையை எடுத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். மாமனார் விழுந்ததிலிருந்து அவர் இந்த வாசலைத் தாண்டியதே என் பேட்டிகளுக்குத்தான். இதையா நான் வேவு என்று நினைத்தேன்? இவரை எப்படி வர வேண்டாம் என்பது? இரண்டு பேருமாகத்தான் கிளம்பினோம்.

அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கித்தான் சொன்னேன். "அத்தே, நான் மட்டுந்தான் உள்ள போகணுமாம். சார் சொல்லிட்டாரு."

அவர் முகம் சுண்டிவிட்டது. எதிரே பாபநாசம் பஸ் நின்றுகொண்டிருந்தது. பெண்களுக்குக் காசு கிடையாது. அதைக் காட்டி, "ஏறிப் போயிட்டு வாங்க. நான் வர ஒரு மணி நேரமாவும். யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவர் பஸ்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ போ, நேரமாவுது" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில், முன்பு பேட்டி எடுத்த வீட்டுப் பெண்ணிடமே கேள்வியைக் கேட்டேன். அவள் யோசித்தாள். குறுக்கே யாரும் பேசவில்லை. "தூங்குவேன்க்கா" என்றாள். நான் என்னையறியாமல் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். மனசெல்லாம் பாபநாசம் பஸ்ஸில் இருந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்திருக்குமா, விக்கிரமசிங்கபுரம் தாண்டியிருப்பாரா என்றே ஓடியது.

திரும்பி வந்தபோது அத்தை பஸ் ஸ்டாண்ட் சிமெண்ட் பெஞ்சில், பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "போவலையா? பஸ்ஸு வரலையா ஒங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"எம்புட்டோ வந்துச்சு" என்றார். "ஒண்ணுல ஏறி உக்காரக்கூடச் செஞ்சேன்ட்டி. கண்டக்டர் சீட்டுக் கிழிக்க வந்தான். 'எங்கம்மா போணும்'னு கேட்டான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எறங்கிட்டேன்."

எங்கள் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். கண்டக்டர் முன்பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார், எங்களிடம் இன்னும் வரவில்லை. அதற்குள் அத்தை குரல் கொடுத்துவிட்டார்: "கல்லிடைக்குறிச்சி ரெண்டு."