மனம் படிக்கும் மோதிரத்துக்கு ஒரு விதி

யுத்த காலத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையை இருவர் வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் யாழ்ப்பாணத்தான். அவன் பன்வில தேயிலைத் தோட்டத்துக்காரன், அவர்களுடைய லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் வந்த முதல் ஆள்.

கனடாவிலிருந்து என் அண்ணன் ஒரு விளையாட்டுப் புத்தகத்தைப் பிரதியெடுத்து அனுப்பியிருந்தான். ஒருவர் வீரனாகவும் ஒருவர் மந்திரவாதியாகவும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வாயாலேயே கதை நடத்தும் விளையாட்டு. மந்திரப் பொருள் ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு. அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது என்பதால், எல்லா விதிகளையும் ஒரு கொப்பியில் தமிழில் எழுதினேன். இருபது முகத் தாயக்கட்டைக்கு எங்கே போவது? பால்மாப் பேணியில் இலக்கத் துண்டுகளைப் போட்டுக் குலுக்கினோம்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. விதி பிடிக்காதவன் சும்மா கத்தக் கூடாது, கொப்பியை எடுத்துப் போய் மாற்று விதி எழுதி வர வேண்டும். பத்தடிக்குள் நிற்பவர் மனத்தைப் படிக்கும் மோதிரத்துக்கு நான் எழுதிய விதி அவனுக்குப் பிடிக்கவில்லை.

"செல்லாது மச்சான். எல்லாத்தையும் மனசுலேர்ந்து புடுங்கிட்டா அப்புறம் வெளையாட்டு எதுக்கு? மறைக்கிறவனுக்கும் ஒரு வழி வேணும்ல?"

"அப்ப நீயே எழுதிக்கொண்டு வாவன்" என்றேன். கொப்பி அவன் பைக்குள் போனது.

மறுநாள் பகல் பொலிஸ் வந்தது. கொழும்பில் குண்டு வெடித்தால் கண்டியில் தமிழனுடைய தலையணையைக் கிழிப்பார்கள். எங்கள் பெயர்களை வீட்டுக்காரி முன்பே பொலிஸில் பதிந்து வைத்திருந்ததால் தேடி அலைய வேண்டிய வேலையும் அவர்களுக்கு இருக்கவில்லை. அவன் பையைக் கொட்டினார்கள். சுரங்கப்பாதைப் படம், காவலர்கள் நிற்கும் இடம், நெருப்புக் கோல் எத்தனை அடி தூரத்தில் எத்தனை பேரை அழிக்கும் என்ற அட்டவணை, எல்லாம் தமிழில்! வேறென்ன வேண்டும் அவர்களுக்கு?

"மேக்க காகெத?" இது யாருடையது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் என் பக்கம் திரும்பாமலே, "மகே, சேர்" என்றான். என்னுடையது என்றான்.

மூன்றாம் நாள் ஒரு விரிவுரையாளரைக் கூட்டிக்கொண்டு, ஆங்கிலப் பிரதியோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அவன் உதடு வீங்கி, சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். அரைகுறைத் தமிழ் தெரிந்த எவனோ கொப்பியைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். அதில் நெருப்புக் கோல் ரொக்கெட் ஆகியிருந்தது. மாயப் போர்வை இராணுவச் சீருடையாம். நாசமாய்ப் போவான்கள்! விளையாட்டு என்று விரிவுரையாளர் எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் சரியாகப் பிடித்திருந்தார்கள். கொப்பியில் இருந்தது அவன் கையெழுத்து இல்லை. இன்ஸ்பெக்டர் ஒரு தாளை என் பக்கம் தள்ளி, தமிழில் நாலு வரி எழுதச் சொன்னார்.

திங்கட்கிழமை எங்களுக்கு இறுதிப் பரீட்சை. நான் எழுதியது என்று சொல்லியிருந்தால் அவனை விட்டிருப்பார்கள், என்னைப் பிடித்திருப்பார்கள். எழுத்துகளை இடப்பக்கம் சாய்த்தேன், கொம்புகளைக் குறுக்கினேன், வேண்டுமென்றே கோணலாக எழுதினேன். என்னைவிடக் கேவலமான பிறவி அந்த நிலையத்தில் இருக்கவில்லை, உதட்டை உடைத்தவன் உட்பட. இன்ஸ்பெக்டர் தாளையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னைப் போகச் சொன்னார். வாங்கிலிருந்தவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், அலுமாரியில என் நோட்ஸ் இருக்கு. எனக்கு இனி தேவப்படாது, நீ எடுத்துப் படி" என்றான்.

அவனை ஏழு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். நான் அவனுடைய நோட்ஸை எடுத்தேன், படித்தேன். திங்கட்கிழமை பரீட்சை எழுதினேன், என் சொந்தக் கையெழுத்தில்.