பின்னால் வந்த நீலக் கார்

கல்லூரி ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது எனக்கு ஃபிட்ஸ் வந்தது. நினைவு திரும்பியபோது தரையில் கிடந்தேன். யாரோ என் உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணித்து விரல்களை மூடிப் பிடித்திருந்தார்கள். அது என் கார் சாவிதான்.

மூன்று நாள் கழித்து டாக்டர் ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "வண்டி ஓட்டுறீங்களா?"

"தினமும் ஓட்டுறேன் சார். வீடு திண்டிவனம், வேலை விழுப்புரம்."

"இனிமே வேண்டாம். ஃபிட்ஸ் வராம ஒரு வருஷம் போகட்டும். அப்புறம் பார்க்கலாம்."

மாத்திரை, தூக்கம் பற்றியெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அந்த முதல் வார்த்தைக்கு மேல் ஒன்றும் ஏறவில்லை. நாற்பத்தொரு வயதில், வீட்டில் எல்லோரும் சிரிக்கச் சிரிக்க, கார் கற்றுக்கொண்டவள் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா தம்பியோடு பெங்களூரில் இருக்கிறாள். பகல் முழுக்கப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் விக்கிரவாண்டி டோலைத் தாண்டியதும் கண்ணாடியை இறக்கி, வழி நெடுகக் காற்று முகத்தில் அடிக்க வீட்டுக்கு வருவேன். என் நாளில் நான் எனக்கென்று வைத்திருந்தது அந்த முக்கால் மணி நேரம்தான். இப்போது பஸ்ஸில் வர ஆரம்பித்தேன். கார், மாடிப்படிக்குக் கீழே உறை போட்டு நின்றது. பூனை ஒன்று அதன் மேல் படுக்கப் பழகிக்கொண்டது.

அந்த வருஷ லீவுக்குப் பெங்களூர் போயிருந்தபோது தம்பி, டிவியில் மாட்டி ஆடும் தன் பழைய கேம் பெட்டியை என் பையில் வைத்துவிட்டான். அவன் புதிது வாங்கிவிட்டான்.

"சாயங்காலம் சுவரைப் பார்த்துக்கினு உட்கார்ந்திருக்கறதுக்கு இத ஆடுக்கா. உள்ள கார்தான் இருக்குது. நீ எங்க வேணா ஓட்டலாம்."

அவன் மனைவிக்குப் பயம். டிவி வெளிச்சத்தில் மறுபடி ஃபிட்ஸ் வந்தால்? டாக்டரிடம் போனில் கேட்டேன். எனக்கு எடுத்த டெஸ்டில் வெளிச்சத்தால் தொந்தரவு வருவதாகத் தெரியவில்லை, அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ஆடுங்கள், அசதியாக இருந்தால் நிறுத்துங்கள் என்றார். அவர் சிரித்த மாதிரி இருந்தது.

அது துரத்தல் விளையாட்டு. ஒரு பெரிய ஊர். கடற்கரை, துறைமுகம், மலைப்பாதை, ஊரைச் சுற்றி நெடுஞ்சாலை. இங்கே போ, அங்கே போ என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. எதையாவது இடித்தாலோ அளவுக்கு மீறி வேகமாகப் போனாலோ போலீஸ் துரத்தும். தப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம் நான் சிக்னலில் நின்றேன். திரும்பும்போதெல்லாம் இண்டிகேட்டர் போடத் தேடினேன். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன. கடற்கரையில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஊரில் மழை அழகாகப் பெய்யும்.

வகுப்பில் ஒருநாள் கடைசி பெஞ்சுப் பையன்கள் இதே விளையாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "அதுல அப்படி என்னடா இருக்கு?" என்று கேட்டேன். ஒருவன் வேகம் என்றான். இன்னொருவன், கார் நொறுங்கினாலும் அப்பா திட்ட மாட்டார் என்றான். மூன்றாமவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாட்டிக்கப்போறோம்னு இருக்கும் மேம், ஆனா மாட்ட மாட்டோம். அதான் ஜாலி" என்றான். நானும் அதை ஆடுகிறேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நானும் ஒரு சிக்னலை மீறினேன். இரண்டு போலீஸ் கார்கள் சைரன் போட்டுக்கொண்டு திரும்பின. சந்துகளில் புகுந்து, படிக்கட்டில் இறங்கி, பாலத்துக்கு அடியில் விளக்கை அணைத்துவிட்டு ஒளிந்தேன். தலைக்கு மேலே சைரன் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. என்னைத் தேடினார்கள். அவ்வளவு பெரிய ஊரில் என்னைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அந்த நேரத்துக்குக் காலிங் பெல் அடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால்தானோ என்னவோ, சைரன் ஓய்ந்து அவர்கள் தேடுவதை விட்டபோது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வேண்டுமென்றே வெளியே போய் இன்னொரு கம்பத்தை இடித்தேன்.

பிறகு இணையத்தில் மற்றவர்களோடு சேர்ந்து ஆடும் பகுதிக்குப் போனேன். அதில் போலீஸ்காரர்களும் நிஜமான ஆட்கள். காதில் மைக் மாட்டிக்கொண்டால் பேசலாம். இந்தி, தெலுங்கு, தெரியாத பாஷைகள் எல்லாம் கத்தும். நான் பேசவே மாட்டேன். ஒருநாள் மலைப்பாதையில் பள்ளத்தில் விழப் போகும்போது "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன். போலீஸாக என்னைத் துரத்திக்கொண்டு வந்த நீலக் கார் பிரேக் அடித்து நின்றது.

"தமிழுங்களா? விழுந்துட்டீங்களா?" என்றது ஒரு ஆண் குரல். நடுவயது தாண்டிய குரல்.

"விழுந்துட்டேன்."

"பரவால்ல, மேல ஏறி வாங்க. நிக்கறேன். வந்தப்புறம் துரத்தறேன்."

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு மேல் நீலக் கார் என்னைத் துறைமுகத்தில் தேடி வரும். ஊர், பேர் கேட்கவில்லை. நான் அவரை "சார்" என்றேன். அவர் என்னை "ஏங்க" என்று மட்டும் கூப்பிடுவார். அவர் மைக்கில் எப்போதும் ஏதோ ஒரு மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "என்ன சார் அது?" என்றதற்கு, "மல்லாட்டை உடைக்கற மெஷினுங்க. நம்ம மண்டிதான். அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கும்" என்றார். நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்.

அவரிடம் இரண்டு விசித்திரங்கள் இருந்தன. பொழுது சாய ஆரம்பித்தால், எந்த நிலையில் துரத்திக்கொண்டிருந்தாலும், "சாப்பிட்டுட்டு வர்றேங்க" என்று நடுரோட்டிலேயே காரை விட்டுவிட்டுப் போய்விடுவார். நான் அந்த ஆளில்லாத நீலக் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பேன். இன்னொன்று, அவர் ஆளை இடிக்க மாட்டார். அந்த விளையாட்டில் எல்லோரும் நடைபாதையில் ஏறி, பொம்மை மனிதர்களைத் தூக்கி அடித்துக்கொண்டுதான் ஓட்டுவார்கள். அதிலேயே பாதிப் பேருக்குச் சந்தோஷம். இவரோ குறுக்கே ஒரு கிழவர் நடந்தால் நிறுத்திவிடுவார். இது தெரிந்ததும் நான் மாட்டிக்கொள்ளப் போகும்போதெல்லாம் மார்க்கெட்டுக்குள் புகுந்தேன். அவர் ஹாரன் அடித்துக்கொண்டே வாசலில் நிற்பார்.

"பொம்மைதானே சார், ஏத்திட்டு வாங்களேன்."

"பொம்மைதாங்க. ஆனா பயந்து ஓடுதே. அதப் பார்த்துட்டு எப்படி ஏத்தறது?"

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவர் நம் பக்கத்துச் சமணக் குடும்பத்துக்காரர் என்று தெரிந்தது. எங்கள் கல்லூரியிலும் அப்படி ஒரு அம்மா உண்டு. எத்தனை முக்கியமான மீட்டிங்காக இருந்தாலும் இருட்டுவதற்குள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிடுவார். நீலக் கார்க்காரரிடம் நீங்கள் சமணரா என்று நான் கேட்டபோது, "ஆமாங்க, நயினார்தான்" என்றார் அவர். மாடியில் நின்றால் பனமலைக் கோயிலும் ஏரியும் தெரியும் என்றும் சொன்னார். நானும் தாவரவியல் சொல்லிக்கொடுப்பதையும், ஃபிட்ஸ் வந்ததையும், கீழே கார் சும்மா நிற்பதையும் சொன்னேன். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அப்போ இங்க நல்லா ஓட்டுங்க. நான் பின்னாலயே வர்றேன்" என்றார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அவர் வரவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். மற்றவர்கள் துரத்தினார்கள். அவர்கள் இடித்துக் கவிழ்த்துவிட்டுக் கெட்ட வார்த்தையில் சிரித்தார்கள். நான் துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று, ஒவ்வொரு நீலக் காரையும் எட்டி எட்டிப் பார்த்தேன். உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ? யாரிடம் கேட்பது? பெயர் தெரியாது, போன் நம்பர் தெரியாது. இரண்டு மாதம் தினமும் பேசிய மனிதர் செத்துப்போயிருந்தால்கூட எனக்குச் சேதி வராது என்று அப்போதுதான் உறைத்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும் திண்டிவனம் பஸ்ஸில் ஏறாமல் பனமலைக்குப் போனேன். இறங்கியதும் பாதித் தைரியம் போய்விட்டது. டீக்கடையில், "மல்லாட்டை மண்டி வச்சிருக்கற நயினார் வீடு..." என்று இழுத்தேன்.

"எந்த நயினாருங்க? பேரு?"

"பேரு தெரியாது. சாயங்காலத்துல டிவில கார் விளையாட்டு ஆடுவாரு."

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். பெஞ்சில் இருந்த ஒருவர் சிரித்துவிட்டு, "அட, அவருதான்யா. மெஷின்கார நயினாரு. பேஜாரு புடிச்ச மனுஷன், வாங்குன டிவி அம்மாம் பெருசு" என்று கையை விரித்துக் காட்டினார். அவர்களுக்கு நான் யாராகத் தெரிந்திருப்பேன்?

கதவைத் திறந்தவர் அவர் மனைவி. நான் தயாரித்து வைத்திருந்த பொய் எல்லாம் மறந்து போய், "சார் கூட கேம் ஆடுறவ. திண்டிவனம். ரொம்ப நாளா காணோமேன்னு..." என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏங்க, உங்க திருடி வந்திருக்காங்க!" என்றார். அவருக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. மார்க்கெட் வரைக்கும்.

அவர் வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, மெலிந்த உடம்பு, காதில் முடி. அந்தக் குரல் இந்த உடம்பிலிருந்து வருவதை ஒத்துக்கொள்ள எனக்குச் சில நிமிஷம் ஆயிற்று. உடம்புக்கு ஒன்றுமில்லை. மழைக்காலத்துக்கு ஒரு சமணத் துறவி பக்கத்து ஊரில் வந்து தங்கியிருக்கிறாராம். அவர் முன்னால் ஒவ்வொருவரும் தீபாவளி வரை எதையாவது விடுவதாக விரதம் எடுத்துக்கொண்டார்களாம். சிலர் இனிப்பை, சிலர் வெற்றிலையை.

"எது இல்லாம இருக்க முடியாதுன்னு தோணுதோ அத விடுங்கன்னாரு. நான் இத விட்டேங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

அவர் தரையைப் பார்த்தார். "சொல்லணும்னு தோணலைங்க. அதுல யாரும் சொல்லிட்டுப் போறதில்லையே. எல்லாரும் பட்டுன்னு காணாமப் போவாங்க. நீங்க தேடுவீங்கன்னு நெனைக்கல."

அந்த அம்மா எனக்குக் காபியும், வறுத்த மல்லாட்டையும் கொடுத்தார். உட்கார்ந்தோம். விளையாட்டு ஊரில் எப்போதும் பேசிக்கொண்டே இருந்தவர்கள், இங்கே பேச ஒன்றுமில்லாமல் மல்லாட்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். டிவிக்கு மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. கிளம்பும்போது போன் நம்பரைக் கொடுத்தார். பஸ் நிறுத்தம் வரை அவரும் மனைவியும் சேர்ந்தே வந்தார்கள். பஸ் ஏறியதும் அந்த அம்மா, "மாத்திரை வேளாவேளைக்குப் போட்டுக்குங்க" என்றார்.

தீபாவளி முடிந்த மறுநாள் நீலக் கார் துறைமுகத்துக்கு வந்தது. சந்தோஷத்தில் ஹாரன் அடித்தேன். கிளம்பி நெடுஞ்சாலையில் பறந்தேன். அவர் பின்னால் வந்தார். ஆனால் நெருங்கவில்லை. நான் வேகத்தைக் குறைத்தால் அவரும் குறைத்தார்.

"மேடம், பார்த்துப் போங்க. வளைவு வருது."

அவர் இதுவரை என்னை மேடம் என்று கூப்பிட்டதே இல்லை. அரைமணி நேரம் ஆனதும், "அசதியா இல்லையே? நிறுத்திக்கலாமா?" என்று கேட்டார். மறுநாளும் அப்படித்தான். நான் வேண்டுமென்றே ஒரு கடைக்குள் காரை விட்டு எல்லாவற்றையும் நொறுக்கினேன். அவர் வெளியே நின்று, "அடி படலையே?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டார், நான் தனியாக இருப்பவள் என்று கண்ணால் பார்த்துவிட்டார், அதற்கு மேல் அவரால் என்னைத் துரத்த முடியவில்லை. எனக்கும் அவரிடமிருந்து ஓட முடியவில்லை. அவர் அக்கறையை எப்படி வேண்டாம் என்று சொல்வது? கார்த்திகை மாதத்தில் மண்டியில் வேலை அதிகம் என்றார். வாரம் ஒருமுறை வந்தார். பிறகு அதுவும் நின்றது.

மாசியில் எனக்கு இரண்டாவது முறை ஃபிட்ஸ் வந்தது, வீட்டில், சமையலறையில். லேசானதுதான். ஒரு வருஷக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. இந்த முறை நான் டாக்டரிடம் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. காணை ஊரிலிருந்து வரும் ஒரு சக ஆசிரியைக்குக் காரைக் கொடுத்துவிட்டேன். கல்லூரியில் அது வேப்பமரத்தடியில் நிற்கும்போது மாடி ஜன்னலிலிருந்து தெரியும். கழுவாமல் வைத்திருப்பார்.

இப்போதும் சில சாயங்காலங்களில் ஆடுகிறேன். தெரியாத ஆட்கள் துரத்துகிறார்கள். முன்பு போல வெறி இல்லை. பெரும்பாலும் ஊருக்கு வெளியே மலைப்பாதையில், யாரையும் சீண்டாமல், ரேடியோ கேட்டுக்கொண்டு போவேன். போன மாதம் என் போனில் ஒரு படம் வந்தது. மல்லாட்டை இலை, அதில் பழுப்புப் புள்ளிகள். கீழே, "மேடம் இது என்ன நோவுங்க" என்று ஒரு வரி. நான் தாவரவியல் ஆசிரியை என்பது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நிச்சயமாகத் தெரியவில்லை. வேளாண்மை ஆபீஸில் காட்டச் சொல்லி எழுதினேன். "சரிங்க" என்று பதில் வந்தது.

அதற்கு மேல் என்ன எழுதுவதென்று அவருக்கும் தெரிந்திருக்காது. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலையைப் பிடித்திருந்த கட்டைவிரல், நகத்தில் மண், பின்னால் மங்கலாக ஏரித் தண்ணீர். டீ ஆறும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.