விட்டு விட்டு அடித்த மணி

பேய்க் கதை என்றால் நள்ளிரவு பன்னிரண்டு மணி, அமாவாசை, நாயின் ஊளை எல்லாம் வேண்டும். இதில் அது எதுவுமே கிடையாது. பட்டப்பகல், மணி மூன்று பத்து, மண்டையைப் பிளக்கும் வெயில். கட்டிவிட்ட கதையாக இருந்தால் இதைவிட நன்றாகவே கட்டியிருக்கலாம். நடந்துவிட்டது, என்ன செய்ய?

கலைமதிக்கு வயது இருபத்திரண்டு. ஊர் மலேசியாவில் கிள்ளான். ஊழியத்துக்கென்று முதல்முறையாகக் கடல் தாண்டியவள். ஒரு குழுவாக அழைத்து வந்தவர் பாஸ்டர் அறிவுச்செல்வன், 'சர்வதேச இயக்குநர்'. கிள்ளானில் ஒரு டயர் கடையின் மாடியில் அவருக்கு ஓர் அறை உண்டு; சர்வதேசம் அவ்வளவுதான். பேயோட்டும் வரம் பெற்றவர் என்று பேனரிலேயே போட்டிருந்தார். திண்டிவனத்தில் இறங்கியதும் அதைக் கட்டிவிட்டுத்தான் டீ குடித்தார்.

தங்கியது, விழுப்புரம் போகும் வழியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு சிற்றூர். பழைய சர்ச், பின்னால் இரண்டு அறைகள். இரண்டாம் நாள் பாஸ்டருக்கு வீடியோ ஆசை வந்தது. 'மலேசிய மகள் மணியடித்து கிராமத்தை எழுப்புகிறாள்.'

கலைமதி கயிற்றை இழுத்தாள். டாங்...

"கட்! சிரிச்சுக்கிட்டே இழும்மா."

டாங்...

"கட்! முகத்தை வானத்துப் பக்கம் தூக்கு."

அரை மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் ஊர் உண்மையாகவே எழுந்தது. பெண்கள் தலைவிரி கோலமாக ஓடிவந்தார்கள்.

"எழுப்புதல்! கேமராவை நிறுத்தாதே!" என்றார் பாஸ்டர்.

"யாருங்க போயிட்டது?" என்று அழுதாள் முன்னால் வந்தவள்.

சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சின்னப்பன் மூச்சிரைக்க வந்தார். "விட்டு விட்டு அட்ச்சா அது சாவு மணிங்க. வயசு எத்தினியோ அத்தினி அடி. எத்தினி அட்ச்சீங்க?"

வீடியோவைப் போட்டு எண்ணினார்கள். இருபத்திரண்டு.

"அந்த வயசுல இங்க யாரும் சாகக் கெடக்கலியே..." என்றவர் கலைமதியைப் பார்த்தார். "உனுக்கு இன்னா வயசும்மா?"

சொன்னாள். கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் குழுவில் எல்லோரும் விழுப்புரத்தில் கூட்டத்துக்குப் போனார்கள். தலைசுற்றல் என்று கலைமதி மட்டும் தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பெண்களுக்கெல்லாம் வெள்ளைச் சேலை. ரவிக்கைக்கு அளவெடுக்க ஆள் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

மணி மூன்று பத்து. கதவு நகர்ந்தது.

வயதான ஒரு பெண். கையில் டேப் இல்லை. நூல் கயிறு.

"படு தாயி. அளவெடுக்கணும்."

ரவிக்கைக்குப் படுக்கச் சொல்வார்களா? இந்த ஊர் வழக்கமோ என்னவோ என்று படுத்தாள்.

உச்சந்தலையில் கயிற்றை வைத்துக் குதிகால்வரை இழுத்தாள் கிழவி. கயிறு ஈரமாக இருந்தது. ஒரு முடிச்சுப் போட்டாள்.

"கைஅளவு வேணாமாம்மா?"

"உனுக்கு எதுக்கு?"

கலைமதியின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

ஜில்லென்று இருந்தது...

மூடிய கண்ணைத் திறந்தபோது யாரும் இல்லை.

நாலரைக்கு ஸ்கூட்டியில் தையல்காரப் பெண் கலைப்பிரியா வந்தாள். "லேட்டாயிடுச்சுக்கா. அளவெடுக்கலாமா?"

"இப்பதான் ஒரு பாட்டி எடுத்தாங்களே."

அடையாளம் கேட்ட சின்னப்பன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "சவுரியம்மா... செத்த பொம்பளைங்களக் குளிப்பாட்டி, பெட்டிக்கு அளவெடுக்கிறவங்க. போயி ஆறு வருசமாச்சு. நான்தான் மணி அட்ச்சேன். எழுபத்தொண்ணு."

ஐந்து மணிக்குக் குழு திரும்பியது. விஷயத்தைக் கேட்டதும், பேயோட்டும் வரம் பெற்றவர் டிரைவருக்கு முன்னால் வேனில் ஏறி உட்கார்ந்தார்.

"ஜெபம் பண்ணுங்க பாஸ்டர்," என்றாள் கலைமதி.

"வேன்ல பண்ணிக்கலாம்."

ஜன்னல் ஓரம் வந்து சின்னப்பன் கேட்டார். "உன் பொறந்த நாளு எப்போ?"

"அடுத்த மாசம் பதினெட்டு."

"அதுவரைக்கும் ஜாக்கிரதையா இரு. இருபத்திமூணு ஆயிட்டா அந்த மணி உனுக்கு இல்ல."

கிள்ளானுக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் அவரிடமிருந்து ஒரு போன். திண்டிவனத்தில் பெட்டி செய்யும் நடராசன் கடையில், அளவெடுத்த அன்று சாயந்திரம், முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று ஆணியில் தொங்கியதாம். சவுரியம்மா மாட்டிவிட்டுப் போகும் அதே ஆணி. பழக்கதோஷத்தில் பெட்டியைச் செய்துவிட்டார். ஐந்தடி ஓரங்குலம்.

கலைமதியின் உயரம்.

"பயப்படாதம்மா. பதினெட்டு தாண்டட்டும், பெட்டிய ஒடச்சிடலாம்."

அவள் நாட்களை எண்ணினாள். சாலையைக் கடக்கவில்லை. மாடிப்படி ஏறவில்லை.

பதினெட்டாம் தேதி. கேக்கின் மேல் இருபத்திமூன்று. வெட்டினாள், சிரித்தாள். நாற்பது நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

மாலை 5.40. சின்னப்பனிடமிருந்து போன்.

"ஐயா, இருபத்திமூணு ஆயிடுச்சு! தப்பிச்சிட்டேன்."

"அம்மா... இப்ப மணி அட்ச்சுது."

"யார் அடிச்சா?"

"யாருமில்ல. கயிறு அறுந்து ரெண்டு வாரமாச்சு."

அங்கே, இந்திய நேரத்தில், அப்போது மணி மூன்று பத்து.

"எத்தனை அடி ஐயா?"

"ஒண்ணே ஒண்ணும்மா."