இரும்பு அறைக்குள் நான் செய்த ஜெபம்

1967-ல் மழை ஓய்ந்த சமயம். இரண்டு கால்களும் செத்துப்போய் தாராவியில் என் வீட்டுத் தரையில் கிடந்தேன். கிள்ளினால் வலிக்கவில்லை. இனி நடக்கவே மாட்டேன் என்று நினைத்தேன். அழக்கூட வெட்கமாக இருந்தது.

காற்றுக்குழாய் வைத்த செம்புத் தொப்பி மாட்டிக்கொண்டு கடலடியில் இறங்குவது என் தொழில். பம்பாய்த் துறைமுகத்துக்கு வெளியே, முங்கிப்போன கப்பலில் வேலை. அதற்கு முன் ஊரில் மூச்சைப் பிடித்துச் சங்கு எடுத்தவன் நான். அங்கே விறுவிறுவென்று மேலே வந்துவிடுவோம். தொப்பி போட்டு ஆழத்தில் வெகுநேரம் இருந்தால் நின்று நின்றுதான் ஏற வேண்டும். அன்று உடம்பு பழைய பழக்கத்தில் போய்விட்டது. ஒரே வீச்சில் ஏறிவிட்டேன்.

சாயங்காலம் தோள் குடைந்தது. என் மனைவி ஞானம் பூண்டுக் கஷாயம் வைத்தாள். "வாயுதான். கடல்ல கெடந்து ஒடம்பு குளுந்து போச்சி. இதக் குடிச்சிட்டுப் படுங்க" என்றாள். விடிந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை.

எங்கள் கோயில் சபையார் தோல் ஏற்றுகிற கைவண்டியில் என்னைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிப் போனார்கள். "ஆண்டவரே, கண்ணத் தெறந்து பாரும்!" என்று ஞானம் வழியெல்லாம் கதறினாள். எனக்கு நாலு பேர் முன்னால் ஜெபிக்க வராது. உள்ளுக்குள்ளேயே கெஞ்சினேன்.

அன்று அங்கே இருந்த டாக்டர் கடற்படையில் வேலை பார்த்தவர். அவரை அங்கே நிறுத்தியது கர்த்தர்தான். என் தொழிலைத்தான் முதலில் கேட்டார். அந்தக் காலத்தில் ஆற்றுக்கடியில் அழுத்தக் காற்று அடைத்த கூண்டுக்குள் பாலத்துக்கு அஸ்திவாரம் தோண்டியவர்களுக்கும் இதே வியாதி வந்ததாம். சட்டென்று மேலே வந்தால் உடம்புக்குள் காற்றுக் குமிழிகள் அடைத்துக்கொள்ளுமாம். குமிழிகளை அழுத்திக் கரைக்கிற கடற்படையாரின் இரும்பு அறைக்கு அவரே போன் பண்ணி என்னை அனுப்பினார்.

கதவை மூடிக் காற்றை அழுத்தினார்கள். காது அடைத்தது. உடம்பு கொதித்தது. பயத்தில் வாய்விட்டு ஜெபித்தேன். அழுத்தத்தில் குரல் கீச்சென்று மூக்கால் வந்தது.

"என்ன அண்ணாச்சி, வாத்து கத்துத மாதிரி இருக்கு?" என்றார் எனக்குத் துணையாக உள்ளே உட்கார்ந்திருந்த நாகர்கோவில்காரக் கடற்படை ஊழியர். அவர் குரலும் வாத்துதான். இருவரும் சிரித்துவிட்டோம்.

"நிறுத்தாதேயும். நான் ஆமென் சொல்லுதேன்."

முகமூடி வைத்துச் சுத்தமான ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். காலில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, பெருவிரல் அசையுது!"

மெல்ல மெல்ல நடக்க ஆரம்பித்தேன். இடது பாதம் மட்டும் இன்னும் மரத்தேதான் இருக்கிறது. செருப்பு கழன்றால் எனக்குத் தெரியாது, ஞானம்தான் பின்னாலிருந்து கூப்பிடுவாள். கடல் வேலையை விட்டுவிட்டு இப்போது மாட்டுங்காவில் காய்கறிக் கடையில் நிற்கிறேன். நிற்கிறேன் என்று எழுதும்போதே நெஞ்சு நிறைகிறது.

நோயில் கிடக்கிறவர்களே, டாக்டரிடமும் போங்கள், ஆண்டவரிடமும் போங்கள். எனக்கு இரங்கியவர் உங்களுக்கும் இரங்குவார். தாராவிப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நானே எழுந்து வந்து கதவைத் திறப்பேன்.