சவர்க்காரத் துண்டும் ஓர் ஓமும்

பெரிய போன் கிணற்றுக்குள் விழுந்த அன்றே எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று கிணற்றுக் கட்டில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். சட்டைப் பைக்குள் பாதியும் வெளியே பாதியுமாக நின்ற போன் எனக்கு முன்னரே எட்டிப் பார்த்துவிட்டது. சத்தம் கேட்டு, சமையலை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து ஓடி வந்த மனைவி, விழுந்தது நான் இல்லை என்று கண்டதும் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனாள்.

அப்போது நான் தமிழ் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஒரு வருடம். காலைத் தேநீரோடு போனைக் கையில் எடுத்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் கீழே வைப்பேன். ஊர் உலகத்தில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், என் வீட்டில் என்ன கறி என்பது தெரியாது. ஆகவே, நட்டத்தைக் கொள்கையாக்கினேன். இனி வாங்கினால் கடையில் உள்ளதிலேயே சின்னப் போன்தான், மனிதன் போனை வைத்திருக்க வேண்டுமே தவிரப் போன் மனிதனை வைத்திருக்கக் கூடாது என்று மனைவிக்கு அரை மணித்தியாலம் பிரசங்கம் செய்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

யாழ்ப்பாண நகரத்துக் கடைக்காரர் நல்ல மனிதர். கண்ணாடிப் பெட்டியின் மூலையில் கிடந்த அந்தச் சின்னப் போனைக் காட்டியதும் தயங்கினார். தொடுதிரை, கமரா எல்லாம் இருக்கிறது, ஆனால் இதை ஒருவரும் கேட்பதில்லை என்றார். "அண்ணைக்கு உதிலை எழுத்துத் தெரியாது" என்றும் சொன்னார். எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது என்பதைத்தான் சொன்னார். முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவனைப் பார்த்து எழுத்துத் தெரியாது என்று சொல்வதா என்று நான் வேண்டுமென்றே பிழையாக விளங்கிக்கொண்டு, அந்தக் கோபத்திலேயே வாங்கினேன். என் வாழ்க்கையில் அரைவாசிச் சாமான்கள் இப்படி வாங்கியவைதான்.

வீட்டுக்கு வந்து மேசையில் வைத்தேன். மனைவி கிட்ட வந்து பார்த்தாள். "உது என்ன, குளிச்சு மிஞ்சின சவர்க்காரத் துண்டோ?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குச் சவர்க்காரம் என்றே பெயர். சவர்க்காரம் அடிக்குது, சவர்க்காரத்துக்குச் சார்ஜ் இல்லை என்று சொல்லிச் சொல்லி, அவளுக்கே பிறகு அது பகிடியாகப் படவில்லை.

நான் பொய் சொல்லக் கூடாது, முதல் மூன்று மாதம் சொர்க்கம். உள்ளங்கைக்குள் அடங்கும். சட்டைப் பையில் இருப்பதே தெரியாது. குனியலாம், நிமிரலாம், கிணற்றையும் பயமில்லாமல் எட்டிப் பார்க்கலாம். படம் பார்த்துக்கொண்டு கிடக்க அந்தத் திரையில் இடமில்லை என்பதால் மறுபடியும் பத்திரிகை வாசித்தேன், அடுக்களையில் என்ன கறி என்று விசாரித்தேன். கோயிலில் மேற்சட்டை இல்லாமல் நிற்கும் ஆண்களுக்குப் பெரிய போனை எங்கே வைப்பது என்பது தீராத பிரச்சினை. நானோ வேட்டி மடிப்புக்குள் செருகிவிட்டுக் கைவீசி நடந்தேன். அளவெட்டியில் ஒரு திருவிழாவில் நாதஸ்வரக் கச்சேரி நடந்தபோது, முன்னால் நின்ற அவ்வளவு பேரும் பலகைகளைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காதைக் கொடுத்துக் கேட்பவன் நான் ஒருவன்தான் என்று பெருமைப்பட்டேன். கடைசி உருப்படிக்கு ஆசை அடங்காமல் நானும் எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் இரண்டு எறும்புகள் ஆளுக்கொரு குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றன.

குறைகளை யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கொள்கை என்னாவது? வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் எல்லாரும் சேர்ந்து முகம் பார்த்துக் கதைக்கும் நாட்களில் என் திரையில் ஒன்பது கடுகு தெரியும். ஒருமுறை சித்தப்பாவிடம், "சித்தி, நல்லா மெலிஞ்சிட்டியள்" என்று சொல்லிவிட்டேன். அவர் அதற்குப் பிறகு கமராவைப் போடுவதில்லை. எழுதுவது அதைவிடப் பெரிய பாடு. என் பெருவிரலை வைத்தால் நாலு எழுத்து ஒன்றாக அமுங்கும். மனைவிக்குத் தெரியாமல் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி மேசை லாச்சிக்குள், பழைய சிவப்புப் பேனைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

ஒன்றுக்கு மட்டும் அந்தப் போனை மெச்சினேன். எங்கள் குடும்பக் குழுவில் இருநூறு பேர் இருக்கிறார்கள். இருநூறு பேருக்கும் சொந்தக்காரர் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் எங்காவது ஒரு சாவு. ஆழ்ந்த இரங்கல் என்று எழுதப் போனால் என் பெருவிரலுக்குப் பத்து நிமிடம் வேண்டும். அதனால் எல்லாருக்கும் ஓம் சாந்தி. கொஞ்ச நாளில் போன் பழகிவிட்டது. நான் ஓம் என்று அடித்ததும் அதுவே கீழே சாந்தி என்ற சொல்லை எடுத்து நீட்டும், ஒரு தட்டுத் தட்டினால் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் விடிந்தால் பொழுதுபட்டால் ஆயிரம் தரம் வாயால் சொல்லும் ஓம் வேறு, அது வெறும் சம்மதம் என்பது போனுக்குத் தெரியாது. மனைவி எனக்குச் செய்தி அனுப்புகிறவள் இல்லை, முற்றத்தில் நின்று கூப்பிடுகிறவள். ஆதலால் சம்மதம் எழுதி அனுப்பும் தேவை எனக்கு வந்ததே இல்லை, என் அண்ணை எழுதும் வரைக்கும்.

அண்ணை கனடாவில். ஆறு வருடமாக எங்களுக்குள் கதை பேச்சு இல்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முற்றத்தில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரத்தைத் தறித்தேன். சருகு விழுந்து மழைநீர்ப் பீலி அடைக்கிறது, கூரைக்குள் தண்ணீர் இறங்குகிறது, கூட்டிக் கூட்டி இடுப்பு முறிகிறது. தறித்த கையோடு அவரைக் கூப்பிட்டு, முற்றம் எவ்வளவு வெளிச்சம் பாருங்கோ என்று அந்தப் பழைய பெரிய போனில் சுற்றிக் காட்டினேன். அவர் அதிலேதான் ஏறி இறங்கி வளர்ந்தவர். என்னைக் கேட்காமல் எப்படித் தறிப்பாய் என்றார். சருகு கூட்டுகிறவன் நான் என்றேன். வார்த்தை வளர்ந்தது. எனக்கு வாய்க்கொழுப்பு என்பது ஊரறிந்த விஷயம். கடைசியில், இனி எனக்கு அண்ணை என்று ஒருத்தர் இல்லை, செத்துப்போனார் என்று நினைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த நிமிடமே நெஞ்சு குத்தியது. ஆனால் திருப்பிக் கூப்பிடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு வருடம் போய்விட்டது.

அவருடைய செய்தி வந்தபோது நான் தெல்லிப்பழையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பூதக்கண்ணாடி கையில் இல்லை. போனை மூக்குக்கு முன்னால் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். "தம்பி, வைகாசியிலை வாறன். வீட்டிலை வந்து நிக்கலாமோ?" அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர் ஏதாவது சாவோ என்று கேட்டார்.

உடனே பதில் போட வேண்டும், ஒரு நிமிடமும் பிந்தக் கூடாது என்று நினைத்தேன். ஒரு கை மேலே கம்பியில், மறு கையில் போன். பெரிய போன்காரர் ஒருவராலும் இது முடியாது என்று அந்த நேரத்திலும் ஒரு பெருமை வந்தது. ஓம் என்று அடித்தேன். அனுப்பும் பொத்தானை அமத்தினேன், போகவில்லை. பஸ் குலுங்கியது. இன்னொரு தரம் அமத்தினேன், போய்விட்டது. அவர் வாசித்துவிட்டார் என்று நீல நிறத்தில் இரண்டு சரி அடையாளம் விழுந்தது. ஆறு வருடச் சண்டையை ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகு வீடு கல்யாண வீடு மாதிரி. தெற்கு அறைக்குப் பெயின்ற் அடித்தேன். புது நுளம்பு வலை வாங்கினேன். மனைவி மிளகாய்த்தூள் இடித்தாள், அவருக்கு உறைப்பு இப்போதும் ஒத்துக்கொள்ளுமோ என்று கவலைப்பட்டாள். நான் ஒருவருக்கும் தெரியாமல் ஒட்டு மாங்கன்று ஒன்று வாங்கி, பழைய மரம் நின்ற இடத்திலேயே நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அண்ணையிடமிருந்துதான் ஒரு சொல்லும் இல்லை. எத்தனை மணிக்கு, எந்த நாள், ஒன்றும் இல்லை. அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன், நீலச் சரி இரண்டும் அப்படியே இருக்கும். நான் எழுதியது எனக்குத் தெரியும்தானே என்று எழுத்தை வாசிக்கப் பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. அவருக்கும் என் போலத்தான் திமிர், ஆனால் வருவார் என்று மனைவிக்குச் சொன்னேன்.

வைகாசி பிறந்து பத்து நாளிருக்கும். மனைவியோடு முன்பு படிப்பித்த ஒரு ரீச்சர் கூப்பிட்டு, உங்கடை மச்சானை நெல்லியடிச் சந்தையில் கண்டேன் என்று சொன்னார். அண்ணை வந்து நாலு நாளாம். கரவெட்டியில் அவருடைய மனைவியின் தங்கை வீட்டில் நிற்கிறாராம்.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. நிற்கலாமோ என்று கேட்டவர், ஓம் என்ற பிறகு மச்சாள் வீட்டுக்குப் போவதென்றால் என்ன அர்த்தம்? பெயின்ற் அடித்தவன் மடையனா? இப்போதே நாலு வார்த்தை எழுதுகிறேன் என்று போனை எடுத்தேன். முதல் வார்த்தையே பிழையாக விழுந்தது. மனைவி, இந்தக் கோபத்தில் எழுதினால் இன்னும் ஆறு வருடம் என்று சொல்லிக் கையிலிருந்து பறித்தாள். தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

"இதென்னப்பா எழுதி வைச்சிருக்கிறியள்?"

ஓம் என்று எழுதினேன் என்றேன்.

"அவர் வரட்டோ எண்டு கேட்டிருக்கிறார். நீங்கள் ஓம் சாந்தி எண்டு அனுப்பியிருக்கிறியள்."

செத்துப்போனதாக நினைத்துக்கொள்கிறேன் என்று சொன்ன தம்பி, ஆறு வருடம் கழித்து வரட்டோ என்று கேட்டவருக்கு அந்திரட்டிக் கிரியையும் செய்து அனுப்பிவிட்டான். எழுதியதை ஒருதரம் வாசித்துப் பார், பிறகு கொப்பியைத் தா என்று முப்பது வருடம் பிள்ளைகளின் காதைத் திருகியவன் நான். பொத்தானை அமத்தியது போகவில்லை என்று நினைத்தேனே, அப்போது என் பெருவிரலுக்குக் கீழே பொத்தானுக்குப் பதிலாக அந்தச் சாந்திதான் நின்றிருக்கிறது.

செய்தி எழுதவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. மோட்டார் சைக்கிளை எடுத்தேன். மனைவியும் பின்னால் ஏறினாள். நான் தனியாகப் போய் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அண்ணைதான் கேற்றைத் திறந்தார். தலைமயிர் முழுக்க வெள்ளை. அவருக்கு எழுபது வயது ஆகியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் போனை எடுத்து நீட்டினேன்.

"அண்ணை, உதிலை ஓம் எண்டு ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். விரல் நுனியால் அடித்தார். சாந்தி என்ற சொல் தானாக வந்து நின்றது.

"செத்திட்டன் எண்டு அண்டைக்குச் சொன்னனீ" என்றார். "இப்ப காரியத்தையும் முடிச்சிட்டாய் எண்டு நினைச்சன். எண்டாலும் மனம் கேக்கேல்லை. முந்தநாள் உங்கடை ஒழுங்கை வரைக்கும் வந்தனான். மதிலுக்கு மேலாலை பாத்தன். பழைய மரம் நிண்ட இடத்திலை ஒரு மாங்கண்டு நிக்குது. அதைப் பாத்திட்டு, உள்ளை வரத் துணியாமல் திரும்பி வந்திட்டன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மனைவி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணை போனை என் சட்டைப் பைக்குள் தானே வைத்து, வெளியே தட்டிப் பார்த்தார்.

"அப்ப நான் வந்து நிக்கலாமோ?"

"ஓம்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வராமல் வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.